ஏரிப் படகில் நான்கு பூட்டு

படகுக்காரர்கள் அனுப்பிய பதிலை நான் மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அதில் நான்கு என்றுதான் இருந்தது.

நான்கு! எங்களிடம் இருந்ததோ ஐந்து சக்கர நாற்காலி.

நான் வேலை பார்ப்பது ஒரு சின்னப் பயண அலுவலகத்தில். கீழே சலவைக் கடை, மேலே நாங்கள். முதலாளியைக் கேப்டன் என்போம். எந்தக் காலத்திலோ ஒரு கப்பலின் சமையலறையில் ஆறு மாதம் பாத்திரம் கழுவியதைத் தன் கடல் அனுபவம் என்று அவர் சொல்லிக்கொள்வதால் வந்த பெயர் அது. நடக்கச் சிரமப்படுகிறவர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகலாம் என்று அவரை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தது நான்தான். அக்டோபர் மாதம், இலையெல்லாம் நிறம் மாறுகிற நேரம், சரிவுப் பலகை வைத்த பேருந்தில் பத்து நாள் பயணம். அதன் முடிவில் கூடுதலாக ஒரு மூன்று நாள். அந்த மூன்று நாளை எங்கே கழிப்பது என்று தேர்ந்தெடுப்பது முழுக்க முழுக்க என் பொறுப்பு. மொத்தம் பதினொரு பேர் சேர்ந்திருந்தார்கள். ஆறு பேர் கைத்தடியும் வாக்கருமாக நடப்பவர்கள். ஐந்து பேர் நாற்காலியிலேயே இருப்பவர்கள்.

அந்த மூன்று நாளுக்காக நான் மூன்று வாரம் தூங்கவில்லை. முதலில் ஒரு மலைக்கோட்டை ஊரைப் பார்த்தேன். படத்தில் சொக்க வைத்தது. தெருவெல்லாம் உருண்டைக் கல் பதித்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அதில் நாற்காலியை உருட்டினால் பல் செட்டு தனியாகக் கழன்று விழும். அடுத்தது ஒரு வெந்நீர் ஊற்று ஊர். நாற்காலியில் இருப்பவர்களைத் தூக்கித் தண்ணீருக்குள் இறக்குகிற எந்திரம்கூட அங்கே உண்டு. ஆனால் வருடா வருடம் அக்டோபரில் அதைக் கழற்றிப் பழுது பார்ப்பார்களாம். அதே அக்டோபரில்தானா!

கடைசியில் கிடைத்ததுதான் ஏரி. மேடு பள்ளமில்லாத கரை, கரையிலிருந்து நேரே படகுக்குப் போகிற பலகை, வாசலில் தடுப்பு இல்லாத குளியலறை. விடுதிக்கார அம்மாவை ஒவ்வொரு கதவாக டேப் வைத்து அளந்து படம் அனுப்பச் சொன்னேன். பதினான்காவது கதவில் அவர், "நீங்கள் தூங்குவதே இல்லையா?" என்று எழுதிக் கேட்டார். அவ்வளவு பார்த்தேன். படகை மட்டும் கோடைகாலப் படத்தில் பார்த்துவிட்டேன். அந்தப் பெரிய படகில் பன்னிரண்டு நாற்காலி போகலாம். செப்டம்பர் முடிந்ததும் அதை நிறுத்திவிட்டுச் சின்னப் படகை விடுகிறார்களாம். ஆட்டத்தில் நாற்காலி நகராமல் இருக்கத் தரையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். சின்னப் படகில் அப்படிப்பட்ட பூட்டு நான்குதான்.

"அஞ்சாவது ஆளு கரையில உக்காந்து காப்பி குடிக்கட்டும்" என்றார் கேப்டன். "ரெண்டு மணி நேரம்தானே? கடைசியா சேர்ந்தது யாரு?"

"கிரேன்காரர்."

"அவர்கிட்ட சொல்லிடு. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள படகுக்குப் பேர் போயாகணும்."

அந்த ஐந்து பேரில் படிவத்தைப் பற்றி நான் நேரடியாகப் பேசிய ஒரே ஆள் கிரேன்காரர்தான். துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவர். ஒரு நோய் வந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. தனியாக இருப்பவர், படிவத்தைத் தானே நிரப்பித் தபாலில் அனுப்பியிருந்தார். 'நாற்காலியிலிருந்து சாதாரண இருக்கைக்கு மாறி உட்கார முடியுமா?' என்ற கேள்விக்கு, 'முடியாது. தூக்க இரண்டு பயில்வான் வேண்டும். அவர்களை நான் கூட்டி வரவில்லை' என்று எழுதியிருந்தார்.

போனில் சொன்னேன்.

"இதோ பாரும்மா" என்றார். "முப்பத்தோரு வருஷம் கப்பலுக்கு மேலயே உக்காந்திருந்தேன். எத்தனை கப்பல்! ஒண்ணுலகூட ஏறினதில்ல. பஸ்ஸுல போறதுக்கு நான் எதுக்கு அவ்வளவு தூரம் வரணும்? படகுன்னு போட்டிருந்ததாலதான் பேர் குடுத்தேன். கரையில உக்காரணும்னா என் பேரை அடிச்சிடு. மொத்தமா அடிச்சிடு."

"ஐயா, ஐயா, அவசரப்படாதீங்க, நான் ஏதாவது..."

"மத்த நாலு பேரு எப்படி?"

"அவங்களாலயும் மாற முடியாதுங்க ஐயா. அசையவே முடியாதவங்க."

"அப்ப அவங்க போகட்டும். பாவம்" என்று வைத்துவிட்டார்.

நான் ஐந்து படிவத்தையும் மேசையில் பரப்பினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. கிரேன்காரருடையதைத் தவிர நான்கு படிவமும் வேறு யாரோ எழுதியவை. மகன், மகள், கணவன், மறுபடியும் மகன். ஏன் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் அலுவலகம் மாடியில் இருக்கிறது! லிஃப்ட் கிடையாது! நடக்க முடியாதவர்களைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு வீட்டார் மட்டும் மேலே வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஐரோப்பாவில் பதினான்கு கதவை அளந்தவள், என் அலுவலகத்து இருபத்திரண்டு படியை மறந்துவிட்டேன். யாரையும் ஒரு கேள்வி கேட்டதில்லை. நாற்காலியின் அகலம் தெரியும், எடை தெரியும். உட்கார்ந்திருக்கிற ஆளைத் தெரியாது.

நான்கில் ஒன்று என் பெரியம்மாவுடையது. அதை அண்ணன், அதாவது பெரியம்மாவின் மகன், நிரப்பியிருந்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து பெரியம்மா நாற்காலியில்தான். இருபது கேள்விக்கும் 'முடியாது' என்று வரிசையாக எழுதிவிட்டுப் போயிருந்தான் அண்ணன். அவசரத்தில் நான்காவது 'முடியாது'க்குப் பிறகு மேற்படிக் குறி போட ஆரம்பித்திருந்தான்.

படிவத்தின் அடியில் ஒவ்வொருவருக்கும் பிசியோதெரபி மருத்துவரின் எண் இருந்தது. யாராவது ஒருத்தரால், ஒரே ஒருத்தரால், இரண்டு மணி நேரம் சாதாரண இருக்கையில் உட்கார முடிந்தால் போதும். வரிசையாகப் போன் செய்தேன். முதல் ஆள், முடியாது. இரண்டாவது, நிச்சயமாக முடியாது. மூன்றாவது பெரியம்மாவுடைய மருத்துவர், குரலை வைத்துப் பார்த்தால் என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண்.

"மாறி உக்கார முடியுமான்னா கேக்குறீங்க?" அவள் சிரித்தாள். "அவங்க என் கிளினிக்குக்கு மாடி ஏறித்தானே வர்றாங்க? மூணாவது மாடி. லிஃப்ட் கெட்டுப் போய் நாலு மாசமாச்சு."

"மேடம், நீங்க வேற யாரையோ நினைச்சுட்டுப் பேசுறீங்க. குள்ளமா, கண்ணாடி போட்டு..."

"வாய்ல எப்பவும் எலுமிச்சை மிட்டாய். கோர்ட்டுல டைப்பிஸ்டா இருந்தவங்க. நான் தப்பா எழுதற ரிப்போர்ட்டைக்கூட திருத்துவாங்க."

அது பெரியம்மாதான். உலகத்தில் வேறு யாரும் இல்லை.

"நாற்காலி?" என்றேன்.

"மகன் வாசல்ல இறக்கிவிட்டுப் போனதும், அது கீழ வாட்ச்மேன்கிட்ட இருக்கும். அவர் அதுல உக்காந்து பேப்பர் படிச்சுட்டிருப்பாரு. ஏன், உங்களுக்கு இதெல்லாம் தெரியாதா?"

நான் போனை வைத்தேன். போன மாதம் என் பிறந்தநாளைக்குப் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் எட்டுப் படி. அப்பா, அண்ணன், சித்தப்பா, நான், நான்கு பேரும் நாற்காலியோடு அவளைத் தூக்கினோம். அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஒருக்களித்துப் படுத்தார். தூக்கும்போது பெரியம்மா, "மெதுவாடா, மெதுவா, என்னைப் போட்டுடாதீங்க" என்று சொன்னாளே! சொன்னாளே!

"கேப்டன்" என்றேன், "ஒருத்தர் மாறி உக்காருவாங்கன்னா படிவத்தை மாத்திடலாமா?"

"யாரு முதல்ல எழுதினாங்களோ அவங்களே திருத்திக் கையெழுத்துப் போடணும். போன தடவை பட்டது போதாதா? அப்பா நடப்பாருன்னு நீங்களா எழுதிட்டீங்கன்னு ஒருத்தன் வந்து சட்டையைப் பிடிச்சான் பாரு."

ஆக, அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணனுக்குத் தெரிய வேண்டும்.

மாலை ஆறு மணிக்கு அவர்கள் வீட்டில் இருந்தேன். கதவைத் திறந்த அண்ணி, மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, விமானம் எதுவும் விழுந்துடுச்சா?" என்றாள். அண்ணன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டு வாங்கிக் குடித்த ஆள். இப்போது கண் எரியாமல் இருக்க மோட்டார் சைக்கிள் ஓட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நறுக்குகிறான்.

"வாடி வாலு!" என்று பால்கனியிலிருந்து குரல் கொடுத்தாள் பெரியம்மா. "ஏரி வேலையெல்லாம் முடிஞ்சுதா?"

நாற்காலியில்தான் இருந்தாள். முழங்காலில் நீலச் சால்வை. நான் குனிந்து அவள் காதோரம் சொன்னேன்: "மூணாவது மாடி."

பெரியம்மாவின் வாயில் உருண்டுகொண்டிருந்த மிட்டாய் நின்றது.

"யார் சொன்னா?"

"உங்க டாக்டரம்மா."

"அந்தப் பொண்ணுக்கு வாய் நீளம்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் பெரியம்மா. பிறகு சால்வையை மடித்துக் கைப்பிடியில் போட்டாள். எழுந்தாள். இரண்டு எட்டு வைத்துப் போய்ப் பால்கனிக் கதவைச் சாத்தினாள்.

கத்திவிடக் கூடாதே என்று என் வாயை என் கையாலேயே பொத்திக்கொண்டேன். பெரியம்மா எவ்வளவு உயரம் என்பதையே மறந்து போயிருந்தேன். என் தோள் வரை இருந்தாள்.

"எத்தனை நாளா?"

"வருஷம் ஒண்ணு ஆயிடுச்சு."

"பெரியம்மா! அப்பாவுக்கு முதுகு போச்சு பெரியம்மா!"

"உங்கப்பனுக்கு அது இருவது வயசுலயே போனதுதான், என் தலையில கட்டாத." பிறகு குரலைத் தணித்தாள். "முப்பது வருஷம் நின்னேன்டி. கோர்ட்டுல மட்டும்தான் உக்காருவேன், அதுவும் டைப் அடிக்க. வீட்டுக்கு வந்தா நிக்கறதுதான். ஒருத்தராவது நீ சாப்பிட்டியான்னு கேட்டிருப்பாங்களா? விழுந்து நாற்காலியில உக்காந்தேன், எல்லாரும் குனிஞ்சு என் மூஞ்சியைப் பார்த்துப் பேச ஆரம்பிச்சாங்க. நடக்க வந்ததும் சொல்லிடலாம்னுதான் நினைச்சேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... போயிடுச்சு."

நான் கிரேன்காரரைப் பற்றிச் சொன்னேன். நான்கு பூட்டைப் பற்றிச் சொன்னேன். பெரியம்மா கேட்டுவிட்டு என்ன சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்?

"அந்த ஆளு அடுத்த வருஷம் போகட்டும்."

எனக்குப் பகீர் என்றது. என் பெரியம்மாவா இது?

"அவருக்கு அடுத்த வருஷம் எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? உங்களுக்கு அந்தப் பூட்டு தேவையே இல்ல பெரியம்மா! நீங்க ஜன்னலோரம் சீட்டுல உக்காரலாம்!"

"சரிடி, உக்காந்துக்கறேன். அங்க போனதும் சத்தமில்லாம மாறி உக்காந்துக்கறேன். நீதானே கூட வர்ற? யாருக்குத் தெரியப் போகுது?"

"நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள பேர் போகணும். படிவத்துல அண்ணன் கையெழுத்துப் போடணும்."

பெரியம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்தாள். அப்போது கதவு திறந்தது. கையில் மூன்று டம்ளரோடு அண்ணி.

பெரியம்மா அசையவில்லை. நின்ற இடத்தில் நின்றாள், உட்காரவும் நேரமில்லை, ஒளியவும் இடமில்லை. அண்ணி எங்கள் இருவரையும் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். பிறகு டம்ளரை நீட்டினாள்.

"டீ ஆறிடும் அத்தை. நின்னுட்டுக் குடிக்கிறீங்களா, உக்காந்தா?"

"உனக்கு..." என்று இழுத்தாள் பெரியம்மா. "உனக்குத் தெரியுமா?"

"மிட்டாய் டப்பாவை எங்க வெச்சேன்? பீரோ உச்சியில. சர்க்கரை ஏறிடும்னு உங்க கைக்கு எட்டாத இடமாப் பார்த்து வெச்சேன். அதை எடுக்க எனக்கே ஸ்டூல் வேணும். ரெண்டு நாள்ல பாதி டப்பா காலி. பேய்க்கு எலுமிச்சை மிட்டாய் பிடிக்குமா என்ன?"

நான் டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன்.

"தெரிஞ்சுக்கிட்டேவா எனக்குச் செருப்பு மாட்டிவிட்ட?" என்றாள் பெரியம்மா.

"தெரிஞ்சுக்கிட்டேதானே நீங்களும் காலை நீட்டினீங்க?"

"ஏன்டி சொல்லல?"

அண்ணி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கத்தி பலகையில் தட்டுகிற சத்தம் தாளம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. "கேக்குதா? கல்யாணம் ஆகி ஆறு வருஷம் அந்தச் சத்தத்தை நான்தான் போட்டேன், அதுக்கு முன்னாடி நீங்க. நீங்க எழுந்து நின்னா, உங்க பிள்ளை மறுபடி சோபாவுல போய் விழுந்துடுவாரு. எனக்கு என்ன பைத்தியமா, போய்ச் சொல்ல?"

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில், ஒரே பொய்யை, ஆளுக்கொரு பக்கமாக ஒரு வருடம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்! யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சத்தம் வெளியே போகாமல் இருக்கப் பெரியம்மா சால்வையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கிரேன்காரர்?" என்றேன்.

சிரிப்பு நின்றது.

"அவர் நம்பரைப் போட்டுக் குடு" என்றாள் பெரியம்மா.

"எதுக்கு?"

"குடுடி."

ஒலிபெருக்கியில் போட்டேன். "யாரு?" என்றார் கிரேன்காரர்.

"உங்களோட பஸ்ஸுல வர்றதா இருக்கறவ. நாற்காலிதான். அந்தப் படகு விஷயம் கேள்விப்பட்டேன்."

"ஓ, அந்த நாலு பேருல ஒருத்தரா? அம்மா, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் அவர், பெரியம்மா வாயைத் திறப்பதற்குள். "கோவத்துல அந்தப் பொண்ணுகிட்ட என்னென்னமோ பேசிட்டேன். நீங்கள்லாம் அசையவே முடியாதவங்கன்னு அது சொல்லுச்சு. எனக்காவது ரெண்டு கையும் இரும்பு மாதிரி இருக்கு. நீங்க போயிட்டு வாங்கம்மா. படகு கிளம்பும்போது எப்படி இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். கரை நகர்ற மாதிரி இருக்குமா, நாம நகர்ற மாதிரியா? அதை மட்டும் பார்த்துட்டு வந்து போன்ல சொல்லுங்க. போதும்."

பெரியம்மாவின் முகம் சுண்டிப் போய்விட்டது. அவள் கை போனின் மேல் அப்படியே இருந்தது. நான்தான் எதையோ உளறிவிட்டு இணைப்பை வெட்டினேன்.

"படிவத்தை எடு" என்றாள்.

"இப்பவா? அண்ணன் உள்ள..."

"எடுடி. ஒவ்வொரு கேள்வியா வாய்விட்டுப் படி. சத்தமா."

நாற்காலியைப் பால்கனியிலேயே விட்டுவிட்டு அவள் நடந்து வந்து சாப்பாட்டு மேசையில், சாதாரண நாற்காலியில், சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அங்கிருந்து நாங்கள் பேசுவது அண்ணனுக்குக் கேட்கும், பார்க்க முடியாது. அண்ணி என் பக்கத்தில் வந்து நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

நான் படித்தேன். "உதவியில்லாமல் எழுந்து நிற்க முடியுமா?"

"முடியும்" என்றாள் பெரியம்மா, கோர்ட்டில் சொல்வதைப் போல.

வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம். அதுக்கு மேல இடுப்பு கடுக்கும்."

"படி ஏற முடியுமா? எத்தனை?"

"மூணு மாடி. கைப்பிடி வேணும். இறங்கறதுதான் கொஞ்சம் பயம்."

அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றான். கையில் கத்தி, கண்ணில் அந்த மோட்டார் சைக்கிள் கண்ணாடி. அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தான். அதில் சக்கரம் இல்லை. பால்கனியைப் பார்த்தான். மறுபடி அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா?"

பெரியம்மா மேசையில் கையை ஊன்றி எழுந்து அவன் பக்கம் திரும்பினாள்.

"எப்பலேருந்து?" என்றான்.

"போன வருஷம் ஜூலை."

"ஜூலையா?" அவன் கண்ணாடியைக் கழற்றினான். "ஜூலையிலதானே எனக்குத் தலைமை ஆபீஸுக்குப் போகச் சொல்லி ஆர்டர் வந்துச்சு? உன்னைத் தூக்கிட்டு அந்த ஊருக்கு எப்படிப் போறதுன்னுதானே வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்?"

"ஆமா."

"உனக்கு அது தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"தெரிஞ்சதாலதான் சொல்லல."

அண்ணியின் கை என் தோளிலிருந்து விழுந்தது. இது அவளுக்கும் தெரியாது. பால்கனியில் எனக்குச் சொன்ன காரணம் பொய்யில்லைதான், ஆனால் அது மேல்தோல். உள்ளே இருந்தது இது. நடக்க முடிகிறது என்று தெரிந்த அதே மாதத்தில், மகன் கிளம்பிவிடுவான் என்றும் தெரிந்திருக்கிறது. அதனால் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள் பெரியம்மா.

"நான் கேட்டிருக்கணும்டா, போகாதன்னு" என்றாள் பெரியம்மா. "வாய்விட்டுக் கேக்கத் தெரியல. காலைக் காட்டிட்டேன்."

அண்ணன் உள்ளே போனான். அடுப்பை அணைக்கிற சத்தம், குழாய்ச் சத்தம். கதவைச் சாத்திக்கொள்வான் என்றுதான் நினைத்தேன். ஒரு நிமிடம் கழித்துத் துண்டில் கையைத் துடைத்தபடி வந்து, மேசையின் மறுகோடியில் உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

"அடுத்த கேள்வியைப் படி" என்றான் என்னிடம். அம்மாவைப் பார்க்கவில்லை.

படித்தேன். "சாதாரண இருக்கைக்கு மாறி உட்கார முடியுமா?"

"முடியும்."

"படகில் ஏறினால் தலைசுற்றல் உண்டா?"

"கிடையாது."

"நீந்தத் தெரியுமா?"

"தெரியும்."

"என்னது?" என்றோம் மூன்று பேரும் ஒரே நேரத்தில்.

"காலேஜ்ல ரெண்டு கப் வாங்கியிருக்கேன்" என்றாள் பெரியம்மா. "யாரும் கேக்கல."

அண்ணன் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தான். அவன் கையெழுத்தில் வரிசையாக நின்ற முடியாதுகளையும் மேற்படிக் குறிகளையும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே போனான்.

"இதை ரெண்டு நிமிஷத்துல எழுதிக் குடுத்தேன்" என்றான் மெதுவாக. "நீ கீழ கார்ல இருந்த. ஹாரன் அடிச்சு, தண்ணி பாட்டில் கேட்ட." பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் அம்மா சொன்னதை எழுதினான். அழுத்தி அழுத்தி அடித்ததில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது. கடைசியில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினான்.

"கோவம் போயிடுச்சுன்னு நினைக்காதே" என்றான். இந்தத் தடவை அம்மாவைப் பார்த்துச் சொன்னான். "ரொம்ப நாள் இருக்கும்."

"இருக்கட்டும்" என்றாள் பெரியம்மா.

"கிளினிக்குக்கு நாளையிலேருந்து கார் கிடையாது. நடந்து போ."

"மழை பெஞ்சா?"

"குடை இருக்குல்ல?"

அண்ணி சமையலறைப் பக்கம் போகப் பார்த்தாள். "நீ எங்க போற?" என்றான் அண்ணன் எரிச்சலாக. "பாதி நறுக்கி வெச்சிருக்கேன். உக்காரு." அண்ணி என்னைப் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். உட்கார்ந்தாள்.

நான் லிஃப்ட்டுக்குக் காத்து நின்றபடியே படிவத்தைப் படம் பிடித்துக் கேப்டனுக்கு அனுப்பினேன். 'கையெழுத்து ஓகே, தாள் ஏன் கிழிந்திருக்கிறது?' என்று பதில் வந்தது. அதற்குப் பதில் போடாமல் கிரேன்காரரைக் கூப்பிட்டேன்.

"ஐயா, உங்களுக்குப் படகுல இடம் இருக்கு. ஒருத்தங்க சீட்டுல மாறி உக்காந்துக்கறாங்க."

"யாரு? கொஞ்ச நேரம் முன்ன பேசினாங்களே, அந்தம்மாவா?"

"ஆமா ஐயா."

"அவங்களாலதான் அசையவே முடியாதே! என்னம்மா விளையாடறியா? பாவம், எனக்காக அவங்களைக் கஷ்டப்படுத்தாத. நான் வரல."

"ஐயா, அவங்க மூணு மாடி ஏறுவாங்க. நீச்சல் தெரியும்."

"உங்க ஆபீஸுல என்னதான்மா நடக்குது?" என்றார்.

"நேர்ல வந்து சொல்றேன் ஐயா. நாளைக்கே வர்றேன். உங்க வீட்டுக்கு. உங்ககிட்ட எல்லாக் கேள்வியும் மறுபடி கேக்கணும்."

"வா, வா. எங்க பூட்டுவாங்க என்னை? முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால, வலது பக்கம்."

"முன்னால" என்று அவர் தனக்குத்தானே ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சரி, வைக்கிறேன். அங்க குளிரும்ல? ரெண்டு முழுக்கைச் சட்டை தைக்கக் குடுக்கணும். கடை சாத்திடுவான்."